திரும்பி வரும்போது எத்தனாவது வகுப்பு?

(எபிசோடின் எழுத்து வடிவம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். "தமிழ்நாட்டுல எதுக்குய்யா ஓணத்துக்கு லீவு?"ன்னு ஆபீஸ்ல ஒவ்வொரு வருஷமும் கேப்பாங்க. எங்க ஊரு திற்பரப்பு, கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த பகுதி. அதனால ஓணத்துக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. அருவிப் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லாத அளவுக்குக் கூட்டம். பெரியப்பா வீட்டு முற்றத்துல கயித்துல ரப்பர் ஷீட் காய்ஞ்சுட்டு இருந்துச்சு. இன்னைக்குப் பேசப்போற விஷயம் அந்த முற்றத்துலதான் ஆரம்பிச்சது.

பெரியப்பா மகன், எங்க அண்ணன், ஒன்பது வருஷமா ஷார்ஜாவுல இருக்காரு. ஏசி மெக்கானிக்கா போனவரு, இப்போ சூப்பர்வைசர். இத்தனை வருஷமும் தனியா ரூம்ல இருந்துட்டு, இப்போ சம்பளம் ஏறினதும் மைனியையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணியிருக்காரு. பொண்ணு ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. பையன் ரெண்டாம் வகுப்பு. "நீதான் கம்ப்யூட்டர்லயே கெடக்கியே, நல்ல ஸ்கூலா ஒண்ணு பாத்துச் சொல்லு மக்கா"ன்னாரு.

நம்மகிட்ட ஒரு வேலையைக் கொடுத்தா என்ன பண்ணுவோம்? எக்செல் ஷீட் போடுவோம். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து ஷார்ஜாவிலயும் துபாய்லயும் இருக்கிற முப்பது பள்ளிகளை வரிசையா எழுதினேன். கட்டணம், அரசு ஆய்வுல கிடைச்ச தரம், வீட்டுலருந்து தூரம், பஸ் இருக்கா இல்லையா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பெண், கடைசியில மொத்தம். முதலிடத்துல வந்தது பிரிட்டிஷ் பாடத்திட்டம் நடத்துற ஒரு பள்ளி. கட்டணம் கொஞ்சம் கையைக் கடிக்கும், ஆனா தரம் பிரமாதம். பெருமையா போனைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினேன்.

அண்ணன் பொண்ணு எட்டிப் பார்த்துட்டுக் கேட்டா: "சித்தப்பா, நாங்க திரும்பி வரும்போது நான் எத்தனாங் கிளாஸ்ல இருப்பேன்?"

என் ஷீட்ல அதுக்கு ஒரு காலமே இல்ல. அந்த ஒரு காலத்தைச் சேர்த்ததும் முதல் பத்து இடத்துல இருந்த பள்ளிகள்ல ஏழு வெளிய போயிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

வளைகுடாவுக்குப் போற குடும்பம் அங்கேயே தங்கிடுறதுக்காகப் போறதில்ல. குவைத், சவுதி, ஓமன், அமீரகம் எங்கேயும் சாதாரண வேலைக்காரங்களுக்குக் குடியுரிமை கிடையாது. அப்பாவோட வேலை விசாவுலதான் மனைவியோட, பிள்ளைகளோட விசா தொங்கிட்டு இருக்கு. வேலை போனா கொஞ்ச நாள் அவகாசம், அதுக்கப்புறம் எல்லாரும் கிளம்பணும். அமீரகத்துல கோல்டன் விசான்னு பத்து வருஷ விசா இருக்கு, உண்மைதான். ஆனா அது முதலீட்டாளர், மருத்துவர், விஞ்ஞானின்னு குறிப்பிட்ட சில வகையினருக்கு. ஏசி சூப்பர்வைசருக்கு இல்ல.

திரும்பி வர்றது எப்பவும் நாம சொல்ற தேதியில நடக்குறதும் இல்ல. எங்க மாவட்டத்துல நாற்பது வயசு தாண்டினவங்ககிட்ட 1990ன்னு சொன்னாலே கதை வரும். ஆகஸ்ட் 2 அன்னைக்கு ஈராக் குவைத்துக்குள்ள நுழைஞ்சது. அடுத்த ரெண்டு மாசத்துல ஏர் இந்தியா விமானங்கள் ஏறக்குறைய 1,70,000 இந்தியர்களைக் கொண்டு வந்து சேர்த்தது. அதுல பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தாங்க, கல்வியாண்டு பாதியில.

அப்புறம் 2017 ஜூலை. சவுதி அரசு, கூட இருக்கிற ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாசம் 100 ரியால் கட்டணும்னு கொண்டு வந்தது. வருஷத்துக்கு 100 ரியால் கூட்டிக்கிட்டே போய் 2020 ஜூலையில 400 ரியால். மனைவி, ரெண்டு பிள்ளைன்னா மாசம் 1,200 ரியால், வாடகைக்கு மேல. நிறையப் பேரு குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டு மறுபடியும் ரூம் வாழ்க்கைக்குப் போனாங்க. அதே 2020 மே மாசம் கொரோனாவுல வேலை போனவங்களை வந்தே பாரத் விமானங்கள் கூட்டிட்டு வந்தது. முதல் விமானங்களே அபுதாபியிலருந்தும் துபாய்லருந்தும் கேரளாவுக்குத்தான் வந்துச்சு.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லல. வளைகுடாவுக்குப் பள்ளி பார்க்கும்போது, அது உள்ளே சேர எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்தா போதாது. நடுவுல எழுந்து வந்தா ஊர்ல எந்த வகுப்புல, எந்தப் பள்ளியில உட்கார முடியும்னு பார்க்கணும். என்னைக் கேட்டா இதுதான் முதல் வடிகட்டி. தரம், கட்டணம், நீச்சல் குளம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

அப்படிப் பார்த்தா வளைகுடாவுக்குப் போற நடுத்தரக் குடும்பத்துக்கு விடை பெரும்பாலும் சிபிஎஸ்இதான். அது உலகத்துலயே சிறந்த பாடத்திட்டம்னு நான் சொல்லல. நாகர்கோவில்லயும் அது இருக்கு, மஸ்கட்லயும் இருக்கு, அவ்வளவுதான் காரணம். பஹ்ரைன் இந்தியன் ஸ்கூல் 1950லயே வந்தது, துபாய் இந்தியன் ஹை ஸ்கூல் 1961ல, மஸ்கட் இந்தியன் ஸ்கூல் 1975ல. எண்ணெய்ப் பணம் பெருகுறதுக்கு முன்னாடியே நம்மாளுங்க கூடிப் பள்ளிக்கூடம் கட்டியிருக்காங்க. ஓமன்ல மட்டும் இந்தியப் பள்ளிகள் 20க்கு மேல, எல்லாம் ஒரே நிர்வாகக் குழுவோட கீழே. பெரும்பாலும் கல்வியாண்டும் நம்ம ஊர் மாதிரி ஏப்ரல்ல தொடங்கும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் செப்டம்பர்ல தொடங்கும். நம்ம ஊர்ல மார்ச்ல ஏழாவது முடிச்ச பிள்ளை அங்கே போக அஞ்சு மாசம் காத்திருக்கணும், திரும்பி வரும்போது ஜூன்ல முடிச்சுட்டு வந்து இங்கே நடந்துக்கிட்டு இருக்கிற வகுப்புல பாதியில நுழையணும்.

சிபிஎஸ்இன்னா எப்ப வேணும்னாலும் மாறலாமான்னா, இல்ல. அதுல ஒரு கதவு இருக்கு, ஒன்பதாம் வகுப்பு. சிபிஎஸ்இல ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு மாதிரி. ஒன்பதாம் வகுப்பை சிபிஎஸ்இ பள்ளியில முடிச்சிருந்தாத்தான் பத்தாம் வகுப்புல சேர்ப்பாங்க. ஒன்பதுலயே பெயர், பாடம் எல்லாம் வாரியத்துல பதிவாயிடும். பதினொண்ணு, பன்னிரண்டுக்கும் இதே மாதிரிதான். அதனால மாநிலப் பாடத்திட்டத்துல ஒன்பது முடிச்ச பிள்ளையை, "பத்தாவதுதானே, அங்கே போய் எழுதிக்கலாம்"னு கூட்டிட்டுப் போக முடியாது. அங்கே ஒன்பது சிபிஎஸ்இ முடிச்சுட்டு, இங்கே வந்து மாநிலப் பாடத்திட்டத்துல பத்தாவது எழுதறதும் பிள்ளைக்குப் பெரிய சுமை. பள்ளி மாறணும்னா எட்டு முடியறதுக்குள்ள மாறணும், இல்லன்னா பத்து முடிச்சுட்டு மாறணும். நடுவுல மாறினா பிள்ளைதான் சிக்கும்.

இப்போ அண்ணனோட கணக்கைப் பாருங்க. கம்பெனி ஒப்பந்தம் ரெண்டு வருஷம். "அப்புறம் நீட்டிப்பாங்க, பாத்துக்கலாம்"னாரு. வர்ற ஏப்ரல்ல பொண்ணு எட்டாவதுக்கு அங்கே போனா, ரெண்டு வருஷம் முடியும்போது ஒன்பது முடிஞ்சிருக்கும். திரும்ப வேண்டிய நிலை வந்தா சரியா பத்தாவது தொடங்கும்போது வந்து நிப்பா. இருக்கிறதுலயே மோசமான இடம் அது. அவ கேட்ட கேள்வியோட எடை அங்கதான் எனக்குப் புரிஞ்சது.

அடுத்தது மொழி. பெத்தவங்க ரெண்டு நிமிஷத்துல முடிவு பண்ணிட்டுப் பத்து வருஷம் வருத்தப்படுற விஷயம்னு ஒண்ணு இருந்தா, அது சேர்க்கைப் படிவத்துல இருக்கிற 'இரண்டாம் மொழி'ங்கிற கட்டம்.

சிபிஎஸ்இல பத்தாவதுக்குக் குறைஞ்சது ரெண்டு மொழி வேணும். ஒண்ணு ஆங்கிலம். இன்னொண்ணு அந்தப் பள்ளி எதைச் சொல்லிக் கொடுக்குதோ அது. வளைகுடா இந்தியப் பள்ளிகள்ல இந்தி எல்லா இடத்துலயும் இருக்கும், மலையாளம் நிறைய இடத்துல இருக்கும், பிரெஞ்சும் இருக்கும். தமிழுக்கு சிபிஎஸ்இ பட்டியல்ல இடம் இருக்கு, 006ங்கிற எண்ணுல. ஆனா ஆசிரியர் வேணும், ஒரு வகுப்பு நடத்துற அளவுக்குப் பிள்ளைகள் வேணும். அதனால சில பள்ளிகள்லதான் கிடைக்கும். அதுலயும் எட்டாவது வரைக்கும்தான் நடத்துறோம்னு சொல்ற இடங்களும் உண்டு. "தமிழ் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. "பத்தாவது வரைக்கும் இருக்கா?"ன்னு கேளுங்க.

எங்க பக்கத்து ஆட்களுக்கு இதுல ஒரு சிக்கல் கூடுதல். குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் எல்லாருக்குமே மலையாளம் காதுல விழுந்து பழக்கம். அங்கே போனா சுத்தி இருக்கிறவங்களும் மலையாளிங்க. "சரி, மலையாளமே எடுத்துக்கட்டும், ஈசி"ன்னு போட்டுடுவாங்க. மலையாளம் நல்ல மொழிதான், படிக்கட்டும். ஆனா திரும்பி வர்றது தமிழ்நாட்டுக்கு. இங்கே 2006ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி, அந்தக் கல்வியாண்டுல ஒண்ணாம் வகுப்புல தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பா தமிழ் கட்டாயப் பாடமா ஏறிக்கிட்டே வந்து, 2015-16ல பத்தாவதைத் தொட்டது. மத்த வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16லருந்து படிப்படியா வந்துச்சு. வெளியிலருந்து வர்ற பிள்ளைகளுக்கு விலக்கு கேட்டு விண்ணப்பிக்கிற வழி இருக்கு. ஆனா அது தானா கிடைக்காது, அலுவலகம் அலுவலகமா ஏறி இறங்கித்தான் வாங்கணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் குவைத்துல அஞ்சாவது வரைக்கும் இந்தி எடுத்துப் படிச்சுட்டு ஆறாவதுக்கு ஊருக்கு வந்தான். கணக்குல கெட்டிக்காரன். ஆனா வகுப்புல தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் திறந்தா எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆறு மாசம் வகுப்புல வாயே திறக்கல. அவனுக்குப் புத்தி குறைவுன்னு நினைச்ச வாத்தியாரும் இருந்தாரு. பள்ளிப் பேர் வேண்டாம்.

பள்ளியில தமிழ் கிடைக்கலன்னா வழியே இல்லையான்னா, இருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001லருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே அடிப்படை, இடைநிலை, மேல்நிலைன்னு சான்றிதழ் படிப்புகள் நடத்துது. பாடங்கள் இணையத்துலயே கிடைக்கும். வாரக் கடைசியில தமிழ் சொல்லிக் கொடுக்கிற சங்கங்கள் பல ஊர்கள்ல இருக்கு. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஒழுங்கா போனாலே போதும், திரும்பி வரும்போது பிள்ளை ஊமையா உட்கார வேண்டியதில்ல.

அமீரகத்துல இதுக்கு மேல அரபியும் இருக்கு. தனியார் பள்ளிகள்ல அரபு அல்லாத பிள்ளைகளும் ஒன்பதாவது வரைக்கும் அரபி படிச்சாகணும். ரெண்டாவது படிக்கிற பையனுக்கு அது விளையாட்டு. எட்டாவதுல போற பொண்ணுக்குப் புதுசா ஒரு எழுத்து, அதுவும் வலமிருந்து இடமா. முடியாதுன்னு இல்ல, ஆனா முதல் ஆறு மாசத்துக்கு அவகிட்ட மார்க் எதிர்பார்க்கக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன்.

இப்போ யாரும் பேசாத ஒரு விஷயம். பொண்ணு அரசுப் பள்ளியில படிக்கிறா. "கவர்மென்ட் ஸ்கூலை விட்டு துபாய் ஸ்கூலுக்குப் போறது மேலதானே, இழக்க என்ன இருக்கு?"ன்னு மைனியே கேட்டாங்க. நிறைய இருக்கு. 2020ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த சட்டப்படி, மருத்துவப் படிப்புல 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள் ஒதுக்கீடு. முதல் வருஷமே 400க்கு மேற்பட்ட இடங்கள் அதுல கிடைச்சது. அதுக்கு முந்தின வருஷங்கள்ல அரசுப் பள்ளியிலருந்து மருத்துவத்துக்குப் போனவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 2021ல பொறியியல், வேளாண்மை, சட்டம் மாதிரி படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் வந்துச்சு, படிப்புச் செலவையும் அரசே ஏத்துக்கிட்டது. கல்லூரியில சேர்ந்த பிறகு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப்பெண் திட்டம் தனி. இது எல்லாத்துக்கும் நிபந்தனை, ஆறுலருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். நடுவுல ரெண்டு வருஷம் ஷார்ஜான்னா அந்தச் சங்கிலி அறுந்துடும். திரும்பி வந்து மறுபடி அதே பள்ளியில சேர்ந்தாலும் ஒட்டாது.

பொது ஒதுக்கீட்டுல தமிழ்நாட்டுப் பிள்ளைங்கிற உரிமை போயிடாது. ஆனா பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டுலருந்து பன்னிரண்டு வரைக்கும் இங்கே படிக்காதவங்க இருப்பிடச் சான்று காட்டணும். மருத்துவத்துக்கும் இப்படித்தான், அங்கே கணக்கு ஆறாவதுலருந்து.

அங்கேயே பன்னிரண்டு வரைக்கும் முடிச்சா இன்னொரு கதவு திறக்குது. என்ஐடி மாதிரி கல்லூரிகள்ல வெளிநாட்டுல படிச்ச பிள்ளைகளுக்கு 'தாசா'ன்னு ஒரு சேர்க்கை இருக்கு, கட்டணம் டாலர்ல. அதுக்குள்ளயே வளைகுடாவுல வேலை செய்ற இந்தியர்களோட பிள்ளைகளுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கியிருக்காங்க. அவங்களுக்குப் படிப்புக் கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இருக்கிற அதே கட்டணம். ஜேஇஇ மெயின் ரேங்க் வச்சுத்தான் இடம். விதிகள் வருஷா வருஷம் கொஞ்சம் மாறும், அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பாருங்க. நீட் தேர்வும் 2021லருந்து குவைத், துபாய்ல எழுத முடியுது. ஆனா இதெல்லாம் கடைசி வரைக்கும் தங்குறவங்களுக்குத்தான். பாதியில வர்றவங்களுக்கு இந்தக் கதவும் இல்ல, அந்தக் கதவும் இல்ல.

காசு விஷயத்துக்கு வருவோம். அமீரகத்துல குடும்பத்தைக் கூட்டிட்டு வர விதிப்படி 4,000 திர்ஹம் சம்பளம் போதும், கம்பெனி வீடு கொடுத்தா 3,000. குவைத்துல 2024ல குடும்ப விசாவை மறுபடி திறந்தப்போ 800 தினார்னு வச்சாங்க. விதி அனுமதிச்சா போதும்னு கிளம்பிடுறவங்க இருக்காங்க. ஒரு உதாரணக் கணக்கு போடுறேன். நடுத்தரமான ஒரு இந்தியப் பள்ளி, வருஷக் கட்டணம் 8,000 திர்ஹம். பஸ் 3,500. புத்தகம், சீருடை 1,500. மொத்தம் 13,000. ரெண்டு பிள்ளைன்னா 26,000. மாசத்துக்கு 2,100க்கு மேல. 4,000 சம்பளத்துல பாதிக்கு மேல பள்ளிக்கே போச்சு, இன்னும் வாடகை கொடுக்கல. இந்தியப் பள்ளிகள்லயே சில ஆயிரம் திர்ஹத்துலருந்து 40,000 தாண்டுறது வரைக்கும் இருக்கு. அன்னைக்கு இருக்கிற மாற்று விலையில ரூபாய்க்கு மனசுல பெருக்கிக்கோங்க. துபாய் பள்ளிகளோட கட்டண விவரத் தாள் கேஎச்டிஏ தளத்துல இருக்கு. கேஎச்டிஏங்கிறது துபாய்ல தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கிற அமைப்பு. தரகரு சொல்றதை விட்டுட்டு அந்தத் தாளைப் பாருங்க. பஸ் கட்டணத்தைப் பள்ளிக்கே போன் பண்ணிக் கேளுங்க.

கட்டணம் பாக்கி வச்சா என்ன ஆகும்னும் சொல்லிடுறேன். 2020ல வேலை போன எங்க சொந்தக்காரர் ஒருத்தர் ரெண்டு பருவக் கட்டணம் கட்டாம ஊருக்கு வந்துட்டாரு. அந்தப் பள்ளி டிசி கொடுக்கல. டிசி இல்லாம இங்கே சேர்க்க யோசிச்சாங்க. பிள்ளை நாலு மாசம் வீட்டுல. அதனால நான் அண்ணனுக்குச் சொன்னது: ஒரு பருவக் கட்டணமும் நாலு பேருக்கு விமான டிக்கெட் காசும் எப்பவும் தனியா ஒரு கணக்குல கிடக்கணும். அதைத் தொடக் கூடாது.

ஆய்வுத் தரத்தைப் பத்தி. துபாய்ல 2008லருந்து பள்ளிகளை ஆய்வு செஞ்சு 'மிகச் சிறப்பு'லருந்து 'மிகப் பலவீனம்' வரைக்கும் ஆறு படி வச்சிருக்காங்க. அபுதாபிக்கும் ஷார்ஜாவுக்கும் தனித்தனி அமைப்பு. அறிக்கைகள் பொதுவுல கிடைக்கும், படிக்க வேண்டியவைதான். ஆனா 2024-25ல துபாய் முழு ஆய்வுகளை நிறுத்தி வச்சது, புதுப் பள்ளிகளைத் தவிர. அதனால வாசல்ல தொங்குற தரம் எந்த வருஷத்துதுன்னு பாருங்க. அறிக்கையில முதல் பக்கத்தை விட, உள்ளே மொழிப் பாடம், புதுசா வர்ற பிள்ளைகளுக்கு என்ன உதவின்னு எழுதியிருக்கிற பத்திகள்தான் உபயோகம். இன்னொண்ணு, சில இந்தியப் பள்ளிகள் ரெண்டு ஷிப்டா நடக்கும், பொண்ணுங்க காலையில, பசங்க மதியம். எங்க பட்டியல்லயே அப்படி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பிள்ளைக்கும் ஒரே பள்ளின்னு சந்தோஷப்பட்டா, மைனி காலையில அஞ்சரைக்கு ஒரு பஸ், சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பஸ்னு நிக்கணும்.

காகித வேலை சின்னதா. டிசிக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்துல மேலொப்பம், வெளியுறவுத் துறை முத்திரை, அமீரகத் தூதரக முத்திரைன்னு வரிசையா போகணும். ஓமன், பஹ்ரைன், சவுதி போறவங்களுக்கு அப்போஸ்டில் போதும், அந்த நாடுகள் அந்த ஒப்பந்தத்துல இருக்கு. பிள்ளையோட எமிஸ் எண்ணைக் குறிச்சு வச்சுக்கோங்க, திரும்பி வரும்போது முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

"நான் வளைகுடாவுக்கா போறேன், லண்டன் ஆன்சைட்டு"ன்னு நீங்க கேக்கலாம். அதே கேள்வியைக் கேளுங்க, விடை தலைகீழா வரும்.

இங்கிலாந்துல வேலை விசாவுல போற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இலவசம். ஆனா நிறையப் பள்ளிகள் பக்கத்துல இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதல்ல இடம் கொடுக்கும். அங்கே வாடகை வீடு பிடிக்கிறதுதான் பள்ளி பிடிக்கிறது. ஆபீஸுக்குப் பக்கத்துல வீடு எடுத்துட்டு அப்புறம் பள்ளி தேடுறது, தாலி கட்டிட்டு ஜாதகம் பார்க்கிற மாதிரி. ஆரம்ப வகுப்புக்கு விண்ணப்பிக்க ஜனவரி 15, மேல்நிலைக்கு அக்டோபர் 31 கடைசித் தேதி. நடுவுல போய் இறங்கினா உள்ளூர் கவுன்சில் மூலமா, இடம் இருக்கிற பள்ளியிலதான். ஆஃப்ஸ்டெட் அமைப்பு பள்ளிக்கு ஒரே வார்த்தையில தரம் சொல்றதை 2024 செப்டம்பர்ல நிறுத்திடுச்சு. அதனால அறிக்கையை உட்கார்ந்து படிச்சாகணும்.

ஜெர்மனின்னா வயசு முக்கியம். பெரும்பாலான மாநிலங்கள்ல நாலாவது முடிஞ்சதும் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிச்சிடுவாங்க. பெர்லின்ல ஆறாவது முடிஞ்சு. ஒண்ணாவதுல போற பிள்ளை ஜெர்மன் பேசிப் பழகிட்டுத்தான் அந்த இடத்துக்கு வரும். நாலாவதுல போய் இறங்குற பிள்ளை மொழி தெரியாம அந்தப் பிரிவைச் சந்திக்கும். அங்கே நிரந்தரமா தங்குற எண்ணம் இருந்தா சிறுசுலயே போங்க, உள்ளூர்ப் பள்ளியிலயே போடுங்க. சிபிஎஸ்இ தேடாதீங்க.

சிங்கப்பூர் ஒரு தனி ரகம். அங்கே அரசுப் பள்ளியிலயே தமிழ் தாய்மொழிப் பாடம். ஆனா வேலை அனுமதியில போறவங்க பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில இடம் உறுதி இல்ல, பெரும்பாலும் தேர்வு எழுதித்தான் நுழையணும், கட்டணமும் உண்டு. ரெண்டு வருஷத்துல திரும்பறதுன்னா அங்கேயும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கு.

சரி, முற்றத்துக்கு வர்றேன். 7.5 சதவீத விஷயத்தைச் சொன்னதும் வீடே ரெண்டா பிரிஞ்சது. பெரியம்மா, "பிள்ளை எங்கூட நிக்கட்டும், பன்னெண்டு முடிச்சு டாக்டர் ஆவட்டும்"ன்னாங்க. மைனிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பையனை மட்டும் கூட்டிட்டுப் போய், பொண்ணை விட்டுட்டுப் போறதா? அண்ணன் என்னைப் பார்க்கிறாரு, நான் ஷீட்டைப் பார்க்கிறேன். அந்த 7.5க்கு எத்தனை மதிப்பெண் போடுறது, அம்மா கூட இருக்கிறதுக்கு எத்தனை போடுறது? அரை மணி நேரம் எல்லாரும் பேசினோம். அவ படிக்கட்டுல உட்கார்ந்து ரப்பர் ஷீட்டோட ஓரத்தைக் கிள்ளிக்கிட்டு இருந்தா.

கடைசியில பெரியப்பாதான் கேட்டாரு, "நீ என்ன மக்ளே சொல்லுக?"

"எனக்கு டாக்டர் ஆகணும்னு யாரு சொன்னா?"ன்னா.

அவளுக்குக் கணக்கு வாத்தியார் ஆகணுமாம். அம்மாவையும் தம்பியையும் விட்டு இருக்க முடியாதாம். ஆனா பத்தாவது தொடங்கும்போது கொண்டு வந்து விடக் கூடாதாம், வந்தா பத்து முடிச்சுட்டுத்தான் வருவாளாம். அதாவது மூணு வருஷம். அண்ணன் அவகிட்ட ஒத்துக்கிட்டாரு. ஒப்பந்தம் நீட்டிக்கலன்னாலும் வேற வேலை தேடியாவது மூணு வருஷம் நிப்பேன், இல்லன்னா முதல் வருஷத்துலயே, எட்டு முடிஞ்சதும், எல்லாரும் திரும்பிடுவோம்னு.

பள்ளி முடிவாயிடுச்சு. என் முதல் ஷீட்ல இருபத்தி ரெண்டாவது இடத்துல இருந்த பள்ளி. தரம் நடுத்தரம், கட்டணம் தாங்கும், ஒரே ஷிப்ட், பத்தாவது வரைக்கும் தமிழ் உண்டு. படிவத்தை அவளே பூர்த்தி பண்ணினா. நான் டிசியைத் தேர்வு முடிஞ்ச அன்னைக்கே கேட்கச் சொல்லியிருக்கேன், முத்திரை எல்லாம் விழ வாரக் கணக்குல ஆகும்.

அடுத்த எபிசோட்ல அண்ணனோட வீட்டு வாடகை ஒப்பந்தம், முன்தேதியிட்ட காசோலைகள்னு அந்தக் கூத்தைப் பேசலாம். உங்க பிள்ளைகளை எந்த வகுப்புல கூட்டிட்டுப் போனீங்க, எந்த வகுப்புல திரும்பினீங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க. பார்க்கலாம் மக்களே.